மறைந்திருந்த வெப்பம்

பிரான்சு நாட்டின் தென்மேற்கே, கரோன் ஆற்றங்கரையில் அமைந்த துறைமுக நகரம் போர்தோ. திராட்சை மதுவுக்குப் பெயர்பெற்ற அந்நகரில் 1728ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள் ஜோசப் பிளாக் பிறந்தார். அவருடைய பெற்றோர் அந்நாட்டினர் அல்லர். தந்தை ஜான் பிளாக் அயர்லாந்தின் பெல்பாஸ்டு நகரிலே பிறந்தவர். ஸ்காட்லாந்து வழியில் வந்தவர். மது வணிகத்தின் பொருட்டுப் போர்தோவில் குடியேறியவர். தாயின் குடும்பமும் ஸ்காட்லாந்திலிருந்து அவ்வாறே வந்த வணிகக் குடும்பம்தான். வீதியில் பிரெஞ்சு, வீட்டிலோ ஆங்கிலம் என்னும் சூழலில் அச்சிறுவர் வளர்ந்தார். பன்னிரண்டு வயது வரையில் தாயே அவருக்கு ஆசிரியர். ஆங்கிலத்தில் படிக்கவும் எழுதவும் அவரே கற்பித்தார். புகழ்பெற்ற அறிஞரான மான்டெஸ்கியூ அவ்வீட்டிற்கு நண்பராக இருந்தார் என்பதிலிருந்து, வணிகம் செய்தாலும் கல்வியைப் போற்றிய குடும்பம் அது என்பது விளங்கும்.

பன்னிரண்டாம் வயதில் பிளாக் உறவினர்களின் ஊராகிய பெல்பாஸ்டுக்குக் கல்வி கற்க அனுப்பப்பட்டார். இலத்தீனும் கிரேக்கமும் அங்கே பயின்றபின் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். ஏதேனும் ஒரு தொழிலைத் தேர்ந்துகொள்ளுமாறு தந்தை வலியுறுத்தியதால் மருத்துவம் படிக்கத் தொடங்கினார். அங்கே வில்லியம் கல்லன் என்னும் பேராசிரியர் வேதியியலைப் புதிதாகக் கற்பிக்கத் தொடங்கியிருந்தார். மருந்து செய்வோரின் கைத்தொழில் என்று பலராலும் கருதப்பட்டு வந்த அத்துறை, கல்லனின் வகுப்பில் ஓர் அறிவியலாக உருப்பெற்றது. அவ்வகுப்பு பிளாக்கின் வாழ்க்கையையே திசைதிருப்பிவிட்டது. சில ஆண்டுகள் கல்லனின் ஆய்வுக்கூட உதவியாளராக இருந்து, துலாக்கோலைப் பிடிக்கவும் கண்டதை உடனே குறித்து வைக்கவும் பழகினார்.

1752இல் மருத்துவக் கல்வியை நிறைவு செய்வதற்காக அவர் எடின்பரோவுக்குச் சென்றார். சிறுநீர்ப்பையில் தோன்றும் கற்களைக் கரைக்க அக்காலத்தில் சுண்ணாம்பு நீர் மருந்தாகக் கொடுக்கப்பட்டது. எந்தச் சுண்ணாம்பு சிறந்தது என்று அங்கிருந்த பேராசிரியர் இருவர் தம்முள் மாறுபட்டு வாதிட்டுக்கொண்டிருந்தனர். மாணவர் ஒருவர் அவ்வழக்கில் தலையிடுவது நன்றன்று எனக் கருதிய பிளாக், வெள்ளை மக்னீசியா என்னும் வேறொரு பொருளை எடுத்து ஆராய்ந்தார். அதைச் சூடாக்கினால் எடை குறைகிறது. குறைந்த எடை ஒருவகைக் காற்றாக வெளியேறுகிறது. அக்காற்று சாதாரணக் காற்றினின்றும் வேறானது என்பதை அவர் நிறுவினார். இன்று கார்பன் டை ஆக்சைடு என்று வழங்கும் வாயு அதுவே. 1754இல் மருத்துவப் பட்டத்திற்காக எழுதப்பெற்று, 1756இல் விரிவாக அச்சேறிய அவ்வாய்வு அவரைப் புகழ்பெறச் செய்தது. அப்போது அவருக்கு வயது 28. ஆயினும் அவருடைய பெயரை இன்றளவும் நிலைக்கச் செய்தது அவ்வாயு அன்று. நாள்தோறும் எல்லாரும் குடிக்கும் நீரே.

கல்லன் எடின்பரோவுக்கு மாறியபோது, கிளாஸ்கோவில் அவர் வகித்த இடம் பிளாக்குக்குக் கிடைத்தது. அங்கே கற்பித்த பத்தாண்டுகளில்தான் வெப்பத்தைப் பற்றிய கேள்விகள் அவர் உள்ளத்தில் எழுந்தன. பனிக்கட்டி உருகுவதைப் பற்றி அக்காலத்து அறிஞர்கள் கொண்டிருந்த கருத்து மிக எளிமையானது. உருகும் நிலைக்குப் பனிக்கட்டி வந்துவிட்டால், இன்னும் சிறிதளவு வெப்பம் சேர்ந்தவுடன் அது முழுவதும் நீராகிவிடும் என்று அவர்கள் எண்ணினர். நூல்களிலும் அவ்வாறே எழுதப்பட்டிருந்தது. வெப்பநிலைமானியும் அதற்கு மாறாக ஒன்றும் காட்டவில்லை. உருகும் பனியில் வைத்தாலும், அப்போதுதான் உருகிய நீரில் வைத்தாலும் அது ஒரே அளவைத்தான் காட்டியது.

பிளாக்கின் ஐயம் ஆய்வுக்கூடத்தில் பிறக்கவில்லை; ஸ்காட்லாந்தின் மலைகளைப் பார்த்தால் எவருக்கும் எழக்கூடிய ஐயம் அது. மாரிக்காலம் முழுவதும் மலைமேல் குவிந்த பனி, இளவேனில் வெயில் பட்டதும் ஒருசேர உருகிவிடுவதில்லை. வாரக்கணக்கில் கிடந்து சிறிதுசிறிதாகவே உருகுகிறது. நூல்கள் கூறியது மெய்யானால், வெயில் ஏறிய முதல் நாளிலேயே மலைப்பனி முழுவதும் வெள்ளமாகப் பாய்ந்து ஊர்களை அழித்திருக்க வேண்டும். அவ்வாறு நிகழவில்லை என்பது உழவரும் இடையரும் அறிந்த செய்தி. எல்லாரும் கண்ட ஒன்றிலிருந்து எவரும் கேளாத கேள்வியை எழுப்பியதே பிளாக்கின் தனித்திறம். கங்கையும் யமுனையும் கோடையில் வற்றிவிடாமல் ஓடுவதற்கும் இமயத்துப் பனியின் இந்த மெத்தனமே ஒரு காரணம்.

1761ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் பிளாக் ஒரு சோதனையைச் செய்தார். அதற்கு வேண்டிய கருவிகள் மிகச் சில. ஒரே அளவுள்ள மெல்லிய கண்ணாடிக் குடுவைகள் இரண்டை எடுத்து, இரண்டிலும் ஒரே எடையுள்ள நீரை ஊற்றினார். ஒரு குடுவையைப் பனியும் உப்பும் கலந்த கலவையில் வைத்து நீரை உறையச் செய்தார். மற்றதிலிருந்த நீரை உறையாத அளவில், 33 டிகிரி பாரன்ஹீட் வரை குளிர்வித்தார். அந்த அளவையில் நீர் உறையும் நிலை 32 டிகிரி. பின்னர் இரண்டையும் ஒரு பெரிய கூடத்தில் தொங்கவிட்டார். கூடத்துக் காற்றின் வெப்பநிலை 47 டிகிரி.

நீர் இருந்த குடுவையில் அரை மணி நேரத்தில் வெப்பநிலை 7 டிகிரி உயர்ந்து 40 ஆயிற்று. பனிக்கட்டி இருந்த குடுவை அந்த 40 டிகிரியை அடைய எடுத்துக்கொண்ட நேரமோ பத்தரை மணி. இடையில் பிளாக் பனிக்குடுவையின் கீழே கையை வைத்துப் பார்த்தார். குளிர்ந்த காற்று கீழ்நோக்கி இறங்குவது கையில் தெரிந்தது. சுற்றியுள்ள காற்று தன் வெப்பத்தைக் குடுவைக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கிறது என்பதற்கு அதுவே சான்று. பனிக்கட்டி வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது. ஆனால் வெப்பநிலைமானி அசையவில்லை. அப்படியாயின் வாங்கிய வெப்பம் எங்கே போயிற்று?

அதற்கு அவர் போட்ட கணக்கு ஆறாம் வகுப்பு மாணவரும் போடக்கூடியது. பத்தரை மணியில் 21 அரைமணிகள் உள்ளன. ஓர் அரைமணிக்கு 7 டிகிரி உயர்த்தும் வெப்பம் வந்ததென்றால், 21 அரைமணிகளில் 147 டிகிரி உயர்த்தக்கூடிய வெப்பம் குடுவைக்குள் சென்றிருக்க வேண்டும். பனிக்குடுவையில் வெளிப்படையாகத் தெரிந்த உயர்வோ 32இலிருந்து 40 வரை, வெறும் 8 டிகிரி. எஞ்சிய 139 டிகிரிக்கு உரிய வெப்பம் பனியை நீராக்குவதிலேயே செலவாகி, கருவியின் கண்ணுக்குத் தெரியாமல் நீருக்குள் மறைந்துவிட்டது. பனிக்கட்டியைச் சூடான நீரில் இட்டு வேறொரு முறையிலும் அவர் அளந்தார். ஏறத்தாழ அதே விடை கிடைத்தது. இன்றைய நுட்பமான கருவிகள் காட்டும் அளவு 144. ஒரு கூடம், இரண்டு குடுவைகள், ஒரு கடிகாரம், ஒரு வெப்பநிலைமானி ஆகியவற்றைக் கொண்டு அவர் எவ்வளவு அருகில் வந்துவிட்டார் என்பதை இவ்விரண்டு எண்களை ஒப்பிட்டாலே உணரலாம்.

மறைந்திருப்பது என்னும் பொருள்படும் இலத்தீன் சொல்லால் அவ்வெப்பத்திற்கு அவர் பெயரிட்டார். தமிழில் அது உள்ளுறை வெப்பம் எனப்படுகிறது. மறைந்த வெப்பம் அழிந்துவிடுவதில்லை என்பதையும் பிளாக் விளக்கினார். அசையாமல் வைக்கப்பட்ட நீரை 32 டிகிரிக்கும் கீழே உறையாதபடி குளிர்விக்க முடியும் என்பதைப் பாரன்ஹீட் முன்பே கண்டிருந்தார். அக்கலத்தைச் சற்றுக் குலுக்கினால் நீரின் ஒரு பகுதி சட்டென்று உறையும். அந்த நொடியிலேயே வெப்பநிலை 32 டிகிரிக்கு ஏறும். நீர் உறையும்போது குளிராமல் சூடேறுவது விந்தையாகத் தோன்றியது. உறையும் நீர், தான் ஒளித்து வைத்திருந்த வெப்பத்தை வெளியே விடுகிறது என்று பிளாக் கூறியதும் அவ்விந்தை தெளிவாயிற்று. 1762ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள் கிளாஸ்கோவில் பேராசிரியர்கள் கூடிய ஒரு மன்றத்தில் இம்முடிவுகளை அவர் படித்தார்.

அவ்வாண்டிலேயே கொதிக்கும் நீரையும் அவர் ஆராய்ந்தார். தட்டையான தகரக் கலத்தில் 50 டிகிரி நீரை ஊற்றிப் பழுக்கக் காய்ந்த இரும்புத் தகட்டின்மேல் வைத்தார். நான்கு நிமிடத்தில் நீர் கொதிக்கத் தொடங்கியது. முழுவதும் ஆவியாகி வற்றுவதற்கு மேலும் 20 நிமிடம் பிடித்தது. அந்த 20 நிமிடமும் நெருப்பு எரிந்துகொண்டேயிருந்தும் நீரின் வெப்பநிலை 212 டிகிரிக்கு மேல் ஏறவில்லை. நான்கு நிமிடத்தில் 162 டிகிரி ஏறியது என்றால் 20 நிமிடத்திற்கு 810 டிகிரி என்று அவர் கணக்கிட்டார். மெய்யான அளவு இதனினும் மிகுதி, ஏறத்தாழ 970. பனிபோல் குளிர்ந்த நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர ஆகும் வெப்பத்தைப்போல் ஐந்து மடங்குக்கும் மேலான வெப்பம், கொதிக்கும் நீரை ஆவியாக்கத் தேவைப்படுகிறது. கொதிநீர் பட்ட புண்ணைவிட ஆவி பட்ட புண் கொடிதாக இருப்பதும், இட்லிப் பானையில் சிறிதளவு நீரே அத்தனை இட்லிகளையும் வேகவைத்துவிடுவதும் இதனால்தான். ஆவி மாவின்மேல் பட்டு மீண்டும் நீராகும்போது, தன்னுள் மறைத்த வெப்பத்தை மாவுக்குக் கொடுத்துவிடுகிறது. வடநாட்டுக் கோடையில் ஏர் கூலரும் மண்பானையும் தரும் குளிர்ச்சிக்கும் அதே காரணந்தான். அங்கே நீர் ஆவியாகும்போது வெப்பத்தைச் சுற்றுப்புறத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது.

நீரின் மற்றுமோர் இயல்பும் பிளாக்கின் கவனத்தை ஈர்த்தது. 150 டிகிரி வெப்பமுள்ள பாதரசத்தையும் 100 டிகிரி வெப்பமுள்ள நீரையும் சம பருமன் அளவில் கலந்தால் கலவை 125 டிகிரியில் நிற்க வேண்டும் என்றே எவரும் எதிர்பார்ப்பர். ஆனால் அது 120இல்தான் நிற்கிறது என்பது முன்பே அளக்கப்பட்டிருந்தது. பாதரசம் 30 டிகிரி இழந்தும் நீர் 20 டிகிரிதான் உயர்ந்தது. பாதரசமோ நீரைப்போல் 13 மடங்குக்கும் மேல் எடை மிக்கது. எடை மிகுந்த பொருளே வெப்பத்தையும் மிகுதியாக ஏற்கும் என்று நம்பியவர்களுக்கு இது விளங்காத புதிராக இருந்தது. வெப்பத்தை ஏற்கும் திறன் பொருளுக்குப் பொருள் வேறுபடும். அது எடையைப் பொறுத்ததன்று என்று பிளாக் அப்புதிரை விடுவித்தார். அவ்வகையில் நீருக்கு நிகரான பொருள்கள் மிகச் சிலவே. மிகுந்த வெப்பத்தை வாங்கியும் நீர் மெல்லவே சூடேறும், மெல்லவே ஆறும். கடலை அடுத்த மும்பையில் கோடையும் குளிரும் அளவோடு இருக்க, கடலினின்றும் தொலைவிலுள்ள தில்லியில் இரண்டும் கடுமையாக இருப்பதற்கு இது ஒரு முதன்மையான காரணம்.

நீர் ஏன் இவ்வாறு நடந்துகொள்கிறது என்பது பிளாக்குக்குத் தெரியாது. நீரின் மூலக்கூறுகள் ஹைட்ரஜன் பிணைப்புகளால் ஒன்றையொன்று பற்றிக்கொண்டிருப்பதும், அப்பிடியைத் தளர்த்தவே வெப்பம் பெருமளவு செலவாவதும் இருபதாம் நூற்றாண்டில்தான் விளங்கின. வெப்பம் என்பது இன்னது என்று உறுதியாகக் கூற அவர் எப்போதும் தயங்கினார். அளக்கக்கூடியதை அளந்து சொல்வதோடு நின்றுகொண்டார். அத்தயக்கத்தால் அவருடைய அளவுகள் பிற்காலக் கொள்கைகள் மாறியபோதும் பழுதுபடவில்லை.

கிளாஸ்கோ பல்கலைக்கழக வளாகத்தில் அப்போது ஜேம்ஸ் வாட் என்னும் இளைஞர் கருவிகள் செய்யும் பட்டறை ஒன்றை நடத்தி வந்தார். 1763ஆம் ஆண்டையொட்டி, நியூகோமன் நீராவி எந்திரத்தின் சிறு மாதிரி ஒன்று பழுதுபார்க்க அவரிடம் வந்தது. அது ஏன் அவ்வளவு ஆவியை விழுங்குகிறது என்று ஆராய்ந்த வாட், ஆவியான நீர் தன்னைப்போல் ஆறு மடங்கு எடையுள்ள குளிர்நீரைக் கொதிநிலைக்கு உயர்த்துவதைக் கண்டு திகைத்தார். பிளாக்கிடம் சென்று கேட்டார். உள்ளுறை வெப்பத்தைப் பற்றிப் பிளாக் அவருக்கு எடுத்துரைத்தார். 1765இல் ஆவியைத் தனிக்கலத்தில் குளிர்விக்கும் அமைப்பை வாட் கண்டறிந்தார். எந்திரங்களின் காலம் அதிலிருந்து வேகம் பெற்றது. பிளாக்கின் கொள்கையிலிருந்தே வாட்டின் எந்திரம் பிறந்தது எனச் சில நூல்கள் எழுதுகின்றன. அது மிகை. அக்கண்டுபிடிப்பு அக்கொள்கையிலிருந்து நேராக வந்ததன்று என வாட்டே பிற்காலத்தில் தெளிவுபடுத்தினார். ஆயினும் முறையாகச் சிந்திக்கவும் சோதனை செய்யவும் தமக்குக் கற்பித்தவர் பிளாக் என்றும், தம் உயர்வில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு என்றும் அவர் நன்றியோடு குறிப்பிட்டார். கைப்பொருள் இன்றித் தவித்த வாட்டுக்குப் பிளாக் கடனும் கொடுத்து உதவினார்.

1766இல் பிளாக் எடின்பரோவில் வேதியியல் பேராசிரியரானார். முப்பது ஆண்டுகள் அங்கே கற்பித்தார். அவருடைய வகுப்புக்கு அமெரிக்காவிலிருந்தும் ஐரோப்பிய நாடுகளிலிருந்தும் மாணவர் வந்தனர். குரல் மெலிந்தது, ஆனால் கூடத்தின் கடைசி வரிசையிலும் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்கும். மூக்கில்லாத பாத்திரத்திலிருந்து கொதிநீரையோ அமிலத்தையோ ஒரு மெல்லிய குழாய்க்குள் அவர் உயரத்திலிருந்து ஊற்றுவார். நூல்போல் இறங்கும் அந்நீரில் ஒரு துளியும் சிந்தாது. அதைக் கண்ட மாணவர் முதுமையிலும் அதனை மறவாமல் எழுதி வைத்தனர்.

இத்தகைய ஆசிரியர் தம் பெருங்கண்டுபிடிப்பை நூலாக எழுதவே இல்லை. இளமை முதலே உடல் நலிவு அவரை வாட்டியது. சற்று உழைப்பு மிகுந்தாலும் இருமலோடு இரத்தம் கக்குவார். நிறைவில்லாத எதையும் அச்சிடக் கூடாது என்னும் பிடிவாதமும் இருந்தது. வகுப்பில் மாணவர் எழுதிக்கொண்ட குறிப்புகளே கைக்குக் கை மாறி எங்கும் பரவின. 1770இல் லண்டனில் அவருடைய கருத்துகளைத் தாங்கிய நூல் ஒன்று ஆசிரியர் பெயரின்றி வெளிவந்தது. 1772இல் சுவீடன் நாட்டு அறிஞர் வில்க், பனியை வெந்நீரில் உருக்கி, உள்ளுறை வெப்பத்தைத் தாமே தனித்துக் கண்டு வெளியிட்டார். அவர் பிளாக்கின் உழைப்பைக் கவரவில்லை. அச்சில் வராத ஒன்றை அவர் அறிந்திருக்க வழியில்லை. முதலில் கண்டவர் யார் என்று நண்பர்கள் கொதித்தார்கள். எழுதுமாறு பிளாக்கை நெருக்கினார்கள். அவரோ வழக்கில் இறங்கவில்லை, எழுதவும் இல்லை. அவ்வமைதியைப் பெருந்தன்மை என்று போற்றுவோர் உண்டு. எனினும், அவர் மறைவுக்குப்பின் பழைய மாணவரான ஜான் ராபிசன், சிதறிக் கிடந்த குறிப்புகளைத் தொகுத்துச் சீராக்கி 1803இல் இரு தொகுதிகளாக வெளியிடப் பட்ட பாட்டைப் பார்க்கும்போது, பிளாக் தாமே எழுதியிருக்கலாகாதா என்று எண்ணாமல் இருக்க முடியாது. ராபிசன் அந்நூலை ஜேம்ஸ் வாட்டுக்குக் காணிக்கையாக்கினார்.

நீரைப் பற்றிய ஆராய்ச்சி பிளாக்கோடு அந்நகரில் முடிந்துவிடவில்லை. அவருக்குப்பின் அதே இருக்கையில் அமர்ந்த தாமஸ் சார்லஸ் ஹோப், குளிரக் குளிர நீர் சுருங்கிக்கொண்டே போவதில்லை என்பதையும், ஏறத்தாழ 4 டிகிரி செல்சியசில் அடர்த்தி மிகுந்து, அதற்குக் கீழே மீண்டும் விரிகிறது என்பதையும் சோதனையால் உறுதிசெய்தார். குளிர்நாட்டு ஏரிகளின் மேற்பரப்பு உறைந்தாலும் அடியில் மீன்கள் பிழைத்திருப்பது அவ்வியல்பினால்தான். பள்ளி ஆய்வுக்கூடங்களில் அவர் பெயர் தாங்கிய கருவியை இன்றும் காணலாம்.

பிளாக் திருமணம் செய்துகொள்ளவில்லை. புல்லாங்குழல் இனிமையாக வாசிப்பார். நண்பர்களோடு கூடியிருப்பதில் விருப்பமுடையவர். பொருளியல் அறிஞர் ஆடம் சுமித்தும் புவியியல் அறிஞர் ஜேம்ஸ் ஹட்டனும் அவருக்கு நெருங்கிய நண்பர்கள். தத்துவ அறிஞர் டேவிட் ஹியூமின் இறுதி நோயில் மருத்துவராக இருந்து கவனித்தவர் பிளாக்கே. 1790இல் மரணப் படுக்கையிலிருந்த சுமித், அச்சேறாத தம் கையெழுத்துப் படிகளை எரித்துவிடும்படி வேண்டியபோது, பிளாக்கும் ஹட்டனும் அவ்விருப்பத்தை நிறைவேற்றினர்.

முதுமையில் அவருடைய உணவும் சோதனைச்சாலை மருந்துபோல் அளவோடு இருந்தது. சிறிது ரொட்டி, சில உலர்ந்த பழங்கள், நீர் கலந்து அளந்து வைத்த பால், அவ்வளவே. 1799ஆம் ஆண்டு டிசம்பர் 6ஆம் நாள், தம் 71ஆம் வயதில், எடின்பரோ இல்லத்தில் அவர் அவ்வாறு உணவருந்த அமர்ந்திருந்தார். பால் கிண்ணத்தை முழங்கால்மேல் வைத்துக் கையால் பிடித்திருந்தார். பணியாள் கதவைத் திறந்து பார்த்தான். உணவுக்குப்பின் அவர் சற்றுக் கண்ணயர்வது வழக்கமாதலால், உறங்குகிறார் என எண்ணிக் கதவைச் சாத்திவிட்டுப் போனான். ஐயம் தோன்றித் திரும்பி வந்து அருகில் பார்த்தபோதுதான் உயிர் பிரிந்துவிட்டது தெரிந்தது. கிண்ணத்திலிருந்த பால் ஒரு துளியும் சிந்தியிருக்கவில்லை.